அண்ணாச்சியின் வாயில் ஒரு கமர்கட்டு

“மொதல்ல கெட்டதச் சொல்லிருதேன்.”

யாரிடம் எதைப் பற்றிப் பேசினாலும் அவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். நல்லது எங்கே ஓடிவிடப் போகிறது, அது பின்னால் மெதுவாக வரட்டும் என்பது போல. மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில் எதிர்வீட்டுக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால் சந்தில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

பிள்ளைகளா, அப்பா பத்தாவதோடு நிறுத்தியவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் நம் தெருவில் ஒரு கார் விசில் அடித்துக்கொண்டே பறந்ததே, நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட்ட கையோடு வாசலுக்கு ஓடினீர்களே, அப்போது எனக்கு அவர் ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஞாபகம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

அண்ணாச்சிக்குத் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் வேலை. காலையிலிருந்து இரவுவரை புடவையை விரிப்பது, மடிப்பது, மறுபடி விரிப்பது. அந்தக் கடைக்குப் பக்கத்தில்தான் அப்போது என் ஜூஸ் கடை. ஒருநாள் சாத்துக்குடி ஜூஸ் கொடுக்க மாடிக்குப் போனேன். கல்யாணக் கூட்டம் ஒன்று அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது. பெண்ணின் அம்மாவுக்கு ஒரு அரக்கு நிறப் புடவை ரொம்பப் பிடித்துவிட்டது. பில் போடச் சொல்லும் நேரம்.

“அம்மா, மொதல்ல கெட்டதச் சொல்லிருதேன்” என்றார் அண்ணாச்சி. “முந்தானைல, இந்தா இந்த எடத்துல, ஒரு இழை விட்டுருக்கு. வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க.”

பின்னால் நின்ற மேற்பார்வையாளர் பல்லைக் கடித்தது எனக்கே கேட்டது. அந்த அம்மா புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார், “மத்த புடவையில எங்க கோளாறுன்னு யாரும் சொல்லல. இதுல எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. இதையே பேக் பண்ணுங்க.”

மேற்பார்வையாளருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. அண்ணாச்சி அடுத்த புடவையை விரிக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த மனிதர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சந்துக்குள் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நீல நிறம். தாழ்வாக, தரையோடு பதுங்கின மாதிரி இருக்கும். அடையாறில் யாரோ வெளிநாட்டுக்குப் போகிற அவசரத்தில் விற்றது. மீட்டர் இரண்டு லட்சம் கிலோமீட்டரை எட்டிப் பிடிக்கிற நிலையில் இருந்தது. அவ்வளவு ஓடின வண்டியை வாங்க ஆள் வராததால் இவர் கைக்கு வந்தது. சந்து மொத்தமும் கூடிவிட்டது.

அண்ணாச்சி வண்டியின் தலைமேல் கைவைத்துக்கொண்டு அறிமுகம் செய்தார். “மொதல்ல கெட்டதச் சொல்லிருதேன். எஞ்சின் ஆயில் குடிக்கும். இந்தப் பக்கத்துக் கண்ணாடி எறங்குனா ஏறாது. ஏசி அதுக்குத் தோணுன அன்னைக்கு வரும். பள்ளத்துல எறங்குனா பின்னாடி என்னமோ கடகடங்கும், அது என்னன்னு இனிமேதான் பாக்கணும்.”

பக்கத்து போர்ஷனில் ஆட்டோ ஓட்டும் பாபு இருந்தான். அவனால் பொறுக்க முடியவில்லை. “இன்னா அண்ணாச்சி, இம்மாங் கொறை கீதுன்றே. அப்பால இத்த எதுக்கு இஸ்துனு வந்தே?”

“ஏறுடே, சொல்லுதேன்.”

பாபு முன்னால், நான் பின்னால். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மயிலாப்பூர் வழியாகக் கடற்கரைக்கு வரும்வரை அண்ணாச்சி மாட்டுவண்டி ஓட்டுவது போல ஓட்டினார். பாபு கொட்டாவி விட்டான். கலங்கரை விளக்கம் தாண்டியதும் சாலை அகலமாகக் காலியாகக் கிடந்தது. அண்ணாச்சி காலை அழுத்தினார். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. வண்டி ஒரு மூச்சு இழுத்த மாதிரி இருந்தது. எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு விசில் கிளம்பியது. அடுத்த நொடி பின்னாலிருந்து யாரோ இரண்டு கையாலும் முதுகில் பிடித்துத் தள்ளியது போல நாங்கள் சீட்டோடு ஒட்டிக்கொண்டோம். கடற்காற்று ஜன்னல் வழியாக ஊளையிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்கு என்று தெரியாது. சின்ன வயதில் ரங்கராட்டினத்தில் சிரித்த சிரிப்பு.

உடனே வேகத்தைக் குறைத்துவிட்டார். அனுமதித்த வேகத்துக்கு மேல் ஒருநாளும் போகமாட்டார். அந்த வேகத்தை எட்டுகிற அந்தச் சில நொடிதான் அவருக்கு வேண்டும்.

“இப்ப நல்லதச் சொல்லியாச்சு” என்றார். “என்னடே பாபு?”

“நைனா, சும்மா இரு” என்றான் பாபு. “என் வயிறு இன்னும் லைட்ஹவுஸாண்டயே கீது.”

அந்த விசில் என்னவென்று உங்களுக்குச் சொல்கிறேன், எனக்கு அண்ணாச்சி சொன்ன மாதிரியே. எஞ்சின் மூச்சு விடும் இல்லையா, அந்தச் சூடான புகை வெளியே வீணாகப் போகும். டர்போ வைத்த வண்டியில் அந்தப் புகை போகிற வழியில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். புகை அதைச் சுழற்றும். அது சுழன்று, வெளியிலிருந்து காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும். அடுப்பை ஊதினால் திகுதிகு என்று எரியுமே, அதே கதைதான். என் கடை மிக்ஸி சுற்றுகிற வேகமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்தச் சக்கரத்தின் அச்சு ஆயிலில்தான் மிதக்கிறது. ஆயில் அழுக்கானால், அல்லது சூடாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஆயில் நின்றுபோனால், அதன் கதை முடிந்தது.

அதனால் அண்ணாச்சி காலையில் வண்டி எடுத்ததும் விரட்டமாட்டார். ஓட்டிவிட்டு வந்ததும் உடனே சாவியைத் திருப்பமாட்டார். வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

“இன்னா அண்ணாச்சி, கொயந்த தூங்கிச்சா? தாலாட்டு பாடினு கீறியா?” என்று பாபு கேட்பான்.

“ஓடிட்டு வந்த புள்ளைய ஒடனே படுக்க வைப்பியாடே? மூச்சு அடங்கட்டும்.”

“என் ஆட்டோவும்தான் நாள் பூரா ஓடுது. அத்த யாரு கொஞ்சறா?”

“ஒன் ஆட்டோவுக்கு நீ இருக்க. இதுக்கு நான்.”

கம்பெனிக்காரர்கள் சொன்ன தூரத்தில் பாதி ஓடியதுமே ஆயிலை மாற்றிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்து ஒவ்வொரு ரப்பர் குழாயாக விரலால் அமுக்கிப் பார்ப்பார், பட்டில் இழை தேடுகிற அதே விரல்கள்.

அவருடைய மெக்கானிக் கிண்டி தொழிற்பேட்டையில் இருந்தார். என்னிடம் ஒருமுறை சொன்னார்: “என்கிட்ட வர்றவங்க எல்லாரும் ‘நான் ஒண்ணுமே பண்ணல, தானா நின்னுபோச்சு’ன்னுதான் சார் சொல்வாங்க. அதுக்கே எனக்கு அரை நாள் போயிடும். இவர் ஒருத்தர்தான், ‘சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துட்டேன், தப்பு என்னோடது’ன்னு வந்து நிக்கிறவர். டாக்டர்கிட்ட பொய் சொல்லாத நோயாளி மாதிரி.”

இவ்வளவு கவனித்தும் ஒரு நாள் வந்தது. வண்டிக்குப் பதினைந்து வயது முடியப் போகிறது. அதற்குப் பிறகு ஓட்ட வேண்டுமென்றால் போக்குவரத்து அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதிகாரி பார்த்துச் சரி என்றால் இன்னும் ஐந்து வருடம். இல்லை என்றால் இல்லை.

அண்ணாச்சியின் மனைவி அதிகம் பேசாதவர். ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அந்த வண்டியே தின்றுகொண்டிருந்தது. பழைய குழாயும் ஆயில் டப்பாவும் சமையலறை வாசல்வரை வந்துவிட்டன. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், நாங்கள் எல்லாரும் கேட்கிற மாதிரி.

“ஒரு தடவ கொண்டுபோய்க் காட்டுங்க. எடுத்துக்கிட்டாவன்னா அஞ்சு வருசத்துக்கு நான் வாயத் தெறக்க மாட்டேன். திருப்பி அனுப்பினாவன்னா நேரா காயலாங்கடை. சரியா?”

காயலாங்கடை என்றால் பழைய இரும்பை உடைத்து எடைக்குப் போடுகிற கடை. அண்ணாச்சி வண்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “சரி” என்றார்.

எங்களுக்கு வண்டியைப் பற்றிப் பயமே இல்லை. விளக்கு, ஹாரன், புகை எல்லாம் மெக்கானிக் பார்த்துவிட்டார். பயமெல்லாம் அண்ணாச்சியின் வாயைப் பற்றித்தான். அதிகாரி எதிரில் நின்றதும் ‘மொதல்ல கெட்டதச் சொல்லிருதேன்’ என்று ஆரம்பித்தால்?

“அதுக்கு நம்மகிட்ட மருந்து கீது” என்றான் பாபு. பெட்டிக்கடையில் கமர்கட்டு வாங்கிக்கொண்டு வந்தான். நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள், வெல்லமும் தேங்காயும் போட்டுக் கல்லு மாதிரி உருட்டியது. ஒன்றை வாயில் போட்டால் கரைகிறவரை பேச்சு வராது. அண்ணாச்சியிடம் திட்டத்தைச் சொன்னோம். அவர் யோசித்தார். வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “கொடுடே, கையில இருக்கட்டும்” என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவரே ஒத்துக்கொண்டார் என்றால் அந்த வண்டிமேல் எவ்வளவு ஆசை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் ஆயுதபூஜை. சந்தில் ஆட்டோக்கள் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டன. நீலக் காருக்குப் பாபு தன் செலவில் பெரிய சாமந்தி மாலை வாங்கிவந்தான். வண்டி அலுவலகத்துக்குப் போகிற நேரம், சாமி துணை நிற்கட்டும் என்று, மாலை பறந்துவிடாதபடி முன்பக்க வலைக்குள்ளேயே சொருகிச் சொருகி நெருக்கமாகக் கட்டினான். வாழைக்கன்றும் கட்ட வந்தான், அதை மட்டும் அண்ணாச்சி தடுத்துவிட்டார். ஆயுதபூஜை மாலையை நம் பக்கத்தில் யாரும் உடனே கழற்றமாட்டார்கள், தானாக வாடி விழ வேண்டும். பூஜை விடுமுறை முடிந்து காலையில் கிளம்பியபோதும் மாலை முகம் நிறைய அப்படியே இருந்தது.

பாபு ஆட்டோவில் முன்னால் போனான், மந்திரிக்குப் போகிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு. நான் காரில் அண்ணாச்சி பக்கத்தில். சைதாப்பேட்டைப் பாலத்தில் ஏறி இறங்கினோம். அந்தப் பக்கம் நெரிசல். வண்டி ஊர்ந்தது. அண்ணாச்சி திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தம்பி, ஊசி ஏறுது.”

சூடு காட்டுகிற ஊசி. பாதியில் நிற்க வேண்டியது சிவப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஏசியை அணைத்தார். ஹீட்டரை முழுசாகத் திருப்பினார். எஞ்சின் சூடு கொஞ்சம் உள்ளே வந்துவிடும், எஞ்சின் இளைப்பாறும் என்றார். சென்னை வெயிலில் ஹீட்டர்! நாங்கள் இரண்டு பேரும் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி வெந்தோம். காலை அழுத்தினால் அந்த விசில் வரவேயில்லை. வண்டிக்கு உயிரே இல்லை.

“போச்சு” என்றேன் நான்.

ஓரங்கட்டினார். இறங்கி முன்பக்கம் போனவர் அப்படியே நின்றார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். காற்று உள்ளே போகிற வாயை முழுக்கச் சாமந்தி அடைத்துக்கொண்டிருந்தது. டர்போ அமுக்கிச் சூடாக்கின காற்றை ஆறவைக்கிற பெட்டியும், அதற்குப் பின்னால் ரேடியேட்டரும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன.

ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்த பாபுவின் முகம் சுண்டிப்போயிற்று. “சாமி மாலைன்னு ஆசையா கட்னேன் அண்ணாச்சி. அது மூக்கப் பொத்திச்சா?”

“விடுடே. அன்பு கொஞ்சம் ஓவராப் போச்சு.”

பாபு மாலையைத் தூக்கிப் போட மனமில்லாமல் தன் ஆட்டோவுக்கே போட்டுக்கொண்டான். ஊசி மெல்ல மெல்ல இறங்கியது. மறுபடி கிளம்பி அழுத்தியபோது விசில் வந்தது பாருங்கள், நான் சீட்டில் குதித்தேன்.

அலுவலக மைதானத்தில் அதிகாரி ஒரு பெண். கண்டிப்பான முகம். அவர் எங்கள் பக்கம் வருவதைப் பார்த்ததும் பாபு சைகை காட்டினான். அண்ணாச்சி கமர்கட்டை வாயில் போட்டார். ஒரு கன்னம் எலுமிச்சம்பழம் போல உப்பியது.

“பல்வலியா சார்?” என்று கேட்டார் அதிகாரி.

அண்ணாச்சி ‘ம்’ என்றும் இல்லாமல் ‘ம்ஹும்’ என்றும் இல்லாமல் ஒரு சத்தம் போட்டார். நான் பதில் சொன்னேன், “கொஞ்சம் வாய் சரியில்ல மேடம்.” அது உண்மைதானே!

விளக்கு, ஹாரன், கண்ணாடி, டயர். வண்டியில் பொறித்திருந்த எண்களைச் சரிபார்த்தார். மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். எல்லாம் ஒழுங்கு. பேனாவைத் திறந்துவிட்டார். பாபு எனக்குப் பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

“வேற ஒண்ணும் இல்லையே?” என்றார் அதிகாரி. சும்மா, வழக்கத்துக்குக் கேட்டது.

அண்ணாச்சி கண்ணை மூடினார். அவர் மணிக்கட்டை நான் இறுக்கிப் பிடித்தேன். அவர் மெதுவாக என் கையை எடுத்துவிட்டார். வாயிலிருந்து கமர்கட்டை எடுத்துக் கைக்குட்டையில் மடித்தார்.

“மேடம், மொதல்லயே சொல்லியிருக்கணும். கெட்டது ஒண்ணு இருக்கு. இப்ப வரும்போது பாலத்து எறக்கத்துல பிரேக்க மிதிச்சேன். வழக்கத்த விடக் கொஞ்சம் கீழ போய்த்தான் புடிச்சுது. நேத்துவரைக்கும் இல்ல.”

அதிகாரியே உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு?”

“அதான் மேடம்!” என்று பாய்ந்தான் பாபு. “அவரு சும்மா பயந்துனு கீறாரு. நீங்க போடுங்க கையெயுத்து!”

“ஒருதடவ மிதிச்சா தெரியாது மேடம்” என்றார் அண்ணாச்சி. “மிதிச்ச கால எடுக்காம அப்படியே வச்சிருங்க.”

அதிகாரி காலை அழுத்தி வைத்துக்கொண்டார். பிரேக் மெல்ல, ரொம்ப மெல்ல, கீழே அமிழ்ந்துகொண்டே போயிற்று. அவர் பேனாவை மூடினார்.

“நீங்க சொல்லலைன்னா இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பேன் சார்.”

“தெரியும் மேடம்.”

“இன்னைக்கு எடுத்துக்க முடியாது. சரிபண்ணிட்டுக் கொண்டுவாங்க. இங்கிருந்து ஓட்டிட்டும் போகாதீங்க.”

கிண்டியிலிருந்து மெக்கானிக் வந்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் மூன்று பேரும் பாபுவின் ஆட்டோவில் திரும்பினோம். முன்னால் அந்தச் சாமந்தி மாலை ஆடிக்கொண்டே வந்தது. பாபு, “ரெண்டு கமர்கட்டா போட்டிருக்கணும்” என்று முணுமுணுத்தான். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கை சும்மா இருக்க முடியாமல் கம்பியைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது.

அவர் மனைவி வாசலிலேயே நின்றிருந்தார். “வண்டி எங்க?”

“அது வந்துக்கா, ஆபீஸாண்ட கூட்டம் ஜாஸ்தி...” என்று பாபு இழுத்தான்.

“திருப்பி அனுப்பிட்டாவ” என்றார் அண்ணாச்சி. “பிரேக்குல கொறை.”

“அவிய கண்டுபுடிச்சாவளா?”

“இல்ல. நான் சொன்னேன்.”

அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

“தம்பி, இவிய என்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, கையில பஜ்ஜிய வச்சுக்கிட்டு என்ன சொன்னாவ தெரியுமா? ‘மொதல்ல கெட்டதச் சொல்லிருதேன். எனக்குக் கொறட்டை வரும். சொந்த வீடு கெடையாது. வருசத்துல ஒரு நாள்தான் ஊருக்கு வருவேன்’னாவ. எங்க மாமாவெல்லாம் முழிச்சாவ. கதவுக்குப் பின்னால நின்ன நான்தான் எங்கம்மாட்ட, ‘இவியளே போதும்’னேன்.”

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். இப்போது கணவரைப் பார்த்தார். “வாய மூடிக்கிட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வந்திருந்தியன்னா வண்டி இங்க நிக்கும். அதுல நீங்க பிரேக்கில்லாம போவிய. நான் இங்க உக்காந்திருக்கணும். அப்படித்தான?”

அண்ணாச்சி தலையாட்டினார்.

“காயலாங்கடையெல்லாம் ஒண்ணும் வேண்டாம். சரிபண்ணிட்டு இன்னொருதடவ கொண்டுபோங்க. சாப்பிட வாங்க.”

பாபு போட்ட விசில் டர்போவையே தோற்கடித்தது. சந்தில் நாய்கள் எழுந்து நின்றன.

பிரேக்குக்கு எண்ணெயைத் தள்ளுகிற பாகம் உள்ளே தேய்ந்துபோயிருந்தது. மெக்கானிக் புதிதாக மாற்றினார். அடுத்த முறை அதே அதிகாரி. அண்ணாச்சியைப் பார்த்ததும், “சார், இன்னைக்கு என்ன கெட்டது?” என்று அவரே முதலில் கேட்டார். “ஏசி வரல மேடம்.” “அது எனக்குத் தேவையில்லை” என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிறு விடிகாலை. நானும் பாபுவும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். அண்ணாச்சி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். அதுவரை அந்த வண்டியில் அவர் ஏறியதே இல்லை. எங்கே போனாலும் மாம்பலம் ஸ்டேஷனில் ரயில்தான். அண்ணாச்சிக்குப் பெல்ட் போடவே கை வரவில்லை. அதிகாரி முன்னால்கூட நான் அப்படி ஒரு பதற்றத்தைப் பார்க்கவில்லை.

மயிலாப்பூர் தாண்டினோம். கலங்கரை விளக்கம் வந்தது. கடலின் மேல் வெளிச்சம் அப்போதுதான் பிளந்துகொண்டிருந்தது. சாலை முழுக்க எங்களுக்கு. அண்ணாச்சி ஒரு தடவை மனைவியைப் பார்த்தார். அழுத்தினார். அந்த ஒரு மூச்சு. விசில். அவ்வளவுதான், நாங்கள் எல்லாரும் சீட்டுக்குள் புதைந்தோம். அந்த அம்மாவின் ஒரு கை கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது, இன்னொரு கை தாலியைப் பிடித்தது. வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. அண்ணாச்சி வேகத்தைக் குறைத்து, ஓரமாக உருட்டிக்கொண்டு போனார். வாயைத் திறக்க அவருக்குத் தைரியமில்லை.

அந்த அம்மா கலைந்த முடியை ஒதுக்கினார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். திரும்பி, பின்கண்ணாடி வழியாக, வந்த சாலையைப் பார்த்தார்.

“திருப்புங்க” என்றார். “இன்னொருக்க போவோம்.”